முந்திப் போனது

வாடகைக்கு எடுத்த வீடு படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. மேட்டுத் தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற ஒரே மாதிரி வீடுகளில் கடைசிக்கு முந்தையது. அவள் கதவைத் திறந்ததும் ஈரச் சுவரின் வாடை முகத்தில் அடித்தது.

"இதுக்குத்தான் ஒன்பது மணி நேரம் முட்டியை மடக்கிக்கிட்டு பறந்து வந்தோமா?" என்றாள் நாத்தனார், பெட்டியைத் தொப்பென்று வைத்து.

கணவன் காப்பிப் பாத்திரம் தேடினான். மகள் சிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

சிட்டுவின் அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குக் காலை ஆறு மணிக்கே ஊசி குத்த வேண்டும். விடியுமுன் எழுந்து, மூன்று கிலோமீட்டர் ஓடி, அப்புறம்தான் வேலைக்குப் போவாள். விடுமுறை என்றால் அந்த உடம்பு கேட்குமா? மறுநாள் ஐந்தரைக்கே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெருக்கோடியில் கல்படிகள் ஆற்றுக்கு இறங்கின. கரையோரம் ஒரு நீண்ட நடைபாதை. அதன் முடிவில் ஒரு சரிவு மறுபடி தெருவுக்கே ஏற்றிவிடும். ஓட வாகான வட்டம். ஆனால் ஓடுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை.

கரையில் பாதி தூரம் போனதும் பின்னால் காலடிகள் கேட்டன.

திரும்பிப் பார்த்தாள். மூடுபனி மட்டும்தான். கரைச்சுவரின் எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். பாதை முடிந்த இடத்தில் அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று.

அங்கேதான் ஒரு வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. ஒரு பெண் பாதி உடம்பை வெளியே நீட்டி, காக்கையை விரட்டுவதுபோல் கையை வீசிக் கத்தினாள். மொழி புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது.

"வெளியாட்களைக் கண்டா சில பேருக்கு ஆகாது. விடு," என்றான் கணவன், அவள் வீடு திரும்பிச் சொன்னதும்.

"ஊர் சுத்திப் பாக்க வந்தமா, ஓடிப் பாக்க வந்தமா?" என்றாள் நாத்தனார். "திரும்பி வந்து மணியை வேற அடிச்சு எழுப்பறே. நாளைக்கு என் தூக்கத்தைக் கெடுத்தே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இரண்டாம் நாளும் அதே காலடிகள். இந்தத் தடவை மூச்சும் கேட்டது. வாயால் விடுகிற, ஈரமான மூச்சு. பாதை முடிந்ததும் அதுவும் ஓய்ந்தது. ஜன்னல்காரி அன்றைக்கும் கையை வீசினாள். வீட்டுக்கு வந்து மணி அடித்தபோது நாத்தனாரும் சொன்னபடியே மனுஷியாக இல்லை; காய்ச்சி எடுத்தாள்.

அதனால் மூன்றாம் நாள் கதவு தானாகப் பூட்டிக்கொள்ள விடாமல், சும்மா சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

கரையில் முக்கால்வாசி தூரம் தாண்டியபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வலி தாளாமல் நின்றாள்.

காலடிகள் நிற்கவில்லை.

நெருங்கின. அவளை உரசிக்கொண்டு கடந்து போயின. அடைத்துக் கிடந்த ஃபிரிட்ஜைத் திறந்தாற்போல் ஒரு குளிர், அதோடு அழுகிய நாற்றம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முன்னால், உலர்ந்த கல்லில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. குதிகால் இல்லை. விரல்கள் மட்டும்.

தடங்கள் பாதையின் முடிவை எட்டின. வழக்கமாக ஓய்கிற இடத்தில் ஓயவில்லை. சரிவில் ஏறின.

சரிவு முடிந்தால் தெரு. தெருவில் சாத்தி மட்டும் வைத்த கதவு. அதற்குப் பின்னால் சிட்டு.

கால் வலி எங்கே போயிற்றோ. பாய்ந்தாள். நெஞ்சு வெடிக்க ஏறி, சரிவின் உச்சியில் அந்தக் குளிரைத் தாண்டிவிட்டாள். காலடிகள் மறுபடி பின்னால் கேட்டன. இப்போது பிடரியிலேயே மூச்சு விட்டது.

வீடு வந்தது. கைப்பிடியை நோக்கிக் கை நீண்டது. அப்போதுதான் உறைத்தது: நின்றால் அது முந்திக்கொள்ளும்.

நிற்கவில்லை.

"அண்ணீ! கதவைப் பூட்டுங்க! கதவைப் பூட்டுங்க!"

திட்டுவதற்காகவே மாடி ஜன்னலைத் திறந்தாள் நாத்தனார். அவள் பார்வை தம்பி மனைவியைத் தாண்டிப் பின்னால் போயிற்று. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

மறுபடி படி. மறுபடி கரை. தொடைகள் கல்லாகிவிட்டன. ஜன்னல்காரி இன்றைக்கும் கையை வீசினாள். இன்று அவள் அழுதுகொண்டிருந்தாள். விரட்டல் இல்லை அது. நிற்காதே, ஓடு, ஓடு என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த கை.

சரிவின் உச்சியில் அவர்கள் வாடகைக்கு எடுத்த கார், கணவன் ஓட்ட, மெல்ல உருண்டுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அதிலிருந்து நாத்தனாரின் கை நீண்டது.

"நிறுத்தாதே தம்பி! உருட்டிக்கிட்டே போ!" என்று கத்தினாள். "பிடிடி! என் கையைப் பிடி!"

பிடித்தாள். தோள்மூட்டே கழன்றுவிடும்போல் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவை அறைந்தாள் நாத்தனார். காரின் பின்பக்கத்தில் இரண்டு முறை எதுவோ மோதியது. பிறகு சத்தம் தேய்ந்து மறைந்தது.

"என்ன பாத்தீங்க அண்ணி?"

"கேக்காதே."

அவள் மணிக்கட்டை நாத்தனார் விடவேயில்லை. சிட்டு இருவர் மடியிலும் படுத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது. முன்னால் லாரி, பக்கத்தில் தடுப்புச்சுவர்.

"நிக்காதே தம்பி. கும்பிடறேன், நிக்காதே."

"எங்க போறது அக்கா? லாரி மேலயா ஏத்த முடியும்?"

கார் நின்றது. பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு வட்டமாய் ஆவி படிந்தது. அடுத்துப் பக்கக் கண்ணாடியில். அதன்பின் முன்கண்ணாடியில்.

அப்புறம் ஒன்றுமில்லை.

"போயிடுச்சு," என்றான் கணவன். "முந்திப் போயிடுச்சு. தொலைஞ்சுது சனியன்."

எட்டு மணி நேரம் கழித்து விமானத்துக்கான வரிசையில் நிற்கும்போது அவள் போன் அடித்தது. சொந்த ஊரிலிருந்து, கீழ்வீட்டு டீச்சர். மாற்றுச்சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ஏம்மா, ஊர்லேருந்து வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாங்க இன்னும் ஏர்போர்ட்லதான் இருக்கோம் டீச்சர்."

"அப்ப மேல யாரு ஓடறது? அரை மணி நேரமா கூடத்துக்கும் கதவுக்குமா ஒரே ஓட்டம். என் விட்டத்துத் தூசியெல்லாம் கொட்டுது."

"டீச்சர், மேல போகாதீங்க."

"வந்துட்டேனே. உங்க வாசல்லதான் நிக்கறேன், சாவி கையில இருக்கு." குரல் சட்டென்று தாழ்ந்தது. "இரும்மா... ஓடறது இப்ப நின்னுடுச்சு."

உள்பக்கத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.