நாலாவது தட்டு

மூன்று தட்டுதான் கேட்டது. நான்கு கேட்டிருக்க வேண்டும்.

வரலட்சுமி எழுந்துபோய் வீடியோ டெக்கின் பொத்தானை அழுத்தி நாடாவைப் பின்னுக்கு ஓட்டினாள். பிற்பகல் மூன்று மணி. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் கரித்தூளுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். சாத்தினாலும் அது வந்துவிடும். காலையில் துடைத்த தரையில் பாதம் வைத்தால் கறுப்பாக ஒட்டும். மூடிய கூடத்தில் டெக் சூடேறும் வாசனையும், உள்ளே நாடா உரசி ஓடும் முனகலும் மட்டும்தான் இருந்தன.

'பின்கட்டு' என்று ஒரு பேய்த் தொடர். தொண்ணூற்றொன்பதில் வியாழன்தோறும் மாலை ஏழரைக்கு, பதின்மூன்று வாரம் வந்தது. பெரிய வீட்டில் தனியாக ஒருத்தி. பின்கதவை யாரோ மூன்று முறை தட்டுவார்கள். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பாள், நடப்பாள், பாதி நேரம் அந்த நடையிலேயே போய்விடும். தாழ்ப்பாளில் கை வைப்பாள். தொடரும் என்று போட்டுவிடுவான். மறுவாரம் பார்த்தால் அது கனவு, இல்லாவிட்டால் பூனை. ஐந்தாம் வாரம் மட்டும் அசல். பாட்டில்லை, அலறல் இல்லை; கதவின் அடி இடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது, அவ்வளவுதான். அன்றைக்குத் தெருவில் யாரும் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை. அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் மிச்ச வாரமெல்லாம் ஏமாந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னத் இங்கே வந்துதான் பார்ப்பாள். "அக்கா, இவ தொறக்கறதுக்குள்ள எம் பொண்ணு நிக்காவே முடிஞ்சிடும்" என்பாள். வரலட்சுமிக்குச் சிரிப்பு வராது. திரையைப் பார்த்துக் கத்துவாள்: "தொறந்து தொலையேன்டி."

வரலட்சுமியின் புருஷன் வரதனுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி யார்டில் வேலை. தலைமுதல் கால்வரை கரியாக வருகிறவன் வாசல் வழியாக வீட்டுக்குள் வரமாட்டான். சந்து வழியே கொல்லைக்குப் போய், டிரம்மில் அவள் பிடித்துவைத்த தண்ணீரில் குளித்து, கொடியில் கிடக்கும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, பிறகுதான் பின்கதவைத் தட்டுவான். மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, நாலாவது. தொடர் ஆரம்பித்த பிறகு அதையே வைத்துக் கேலி செய்தான்.

"உன் பேயி மூணு தான் தட்டும். நாலு தட்னா நானு. கொழப்பிக்காத மே."

பதின்மூன்றாம் வியாழன் மழை. ஜன்னத் வரவில்லை. கடைசி வாரம், கடைசி ஐந்து நிமிடம், திரையில் அவள் தாழ்ப்பாளில் கை வைக்கப்போகிறாள். தட்டும் சத்தம் கேட்டது. மூன்று. பிறகு, ஒரு மூச்சு விட்டு, நாலாவது. கடைசி வாரம் என்று ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று வரலட்சுமி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அந்த நேரத்துக்கு வசதியாக இருந்தது. யாருக்கென்று தெரியாமலே "இரு, இரு" என்றும் சொன்னாள். அப்போது கரண்டு போனது. ஊருக்கெல்லாம் கரண்டு செய்து அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு, இங்கேதான் எப்போதும் போகும். திட்டிக்கொண்டே மெழுகுவத்தி தேடி, பத்து நிமிடம் கழித்துப் பின்கதவைத் திறந்தாள்.

வரதன் குளிக்கவில்லை. கரியும் மழையுமாகப் படியில் கிடந்தான். நெஞ்சை ஒரு கை பிடித்திருந்தது. இன்னொன்று கதவை நோக்கி நீண்டிருந்தது.

பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். தனக்கு மட்டும் வேறொன்று சொல்லிக்கொண்டாள்: நாலு தட்டும் டீவியில்தான் கேட்டது. நாடாவில் பதிந்திருக்கும். போட்டுப் பார்க்கத்தான் ஐந்து வருடமாகத் துணிவு வரவில்லை.

இன்று காலை நாத்தனார் அன்புக்கரசி போன் செய்தாள்.

"அண்ணி, எங் கல்யாண கேசட்டு உன்னாண்ட தான கீது? அஞ்சு மணிக்கு வரேன். ராயபுரத்துல சீடி போட்டுத் தராங்களாம். அண்ணன் பேசறது அதுல மட்டுந்தான கீது."

அதில் மட்டும்தான் இருந்தது. மேலே பதிய முடியாதபடி கேசட்டின் முதுகில் ஒரு சின்னத் தகட்டை உடைத்துத்தான் வீடியோக்காரர் கொடுத்திருந்தார். அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். தொடர் ஓடிய நாளில், வேறு கேசட் வாங்கப் போக நேரமில்லை என்று வரலட்சுமி ஒட்டினாள். கடைசி வாரங்களை அதன்மேல்தான் பதிந்தாள்.

பின்னுக்கு ஓடிய நாடா நின்றது. மறுபடியும் போட்டாள். விளக்கு. நடை. தாழ்ப்பாளை நோக்கி நீளும் கை. தட்டு, தட்டு, தட்டு. மூச்சு விடும் நேரம் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. தொடருக்குள் பெய்யும் மழைச் சத்தம், பிறகு திரை முழுக்க வெள்ளைப் பொறி. கரண்டு போன இடம்.

இன்னொரு முறை பின்னுக்கு ஓட்டினாள். ஒலியை முழுக்க வைத்தாள். மூன்று.

"பொய் சொல்ற நீ" என்றாள் டீவியிடம்.

வெள்ளைப் பொறி ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எழுந்தபோது படம் குதித்து நின்றது. அழியாத மிச்சம். கல்யாணப் பந்தி. வெள்ளைச் சட்டையில் வரதன், கையில் பாயச வாளி.

மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்தது. இனிமேல் அவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, "இன்னா மே, வந்து குந்து" என்பான். அந்த இடம் அவளுக்கு மனப்பாடம்.

நிமிர்ந்தான். பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

வாளியைக் கீழே வைத்தான். சட்டைக் கைக்குக் கீழே விரல்கள் கரியாக இருந்தன. விரல்களை மடக்கிப் பந்தி மேசையில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. சாப்பிடுகிற யாரும் தலை தூக்கவில்லை.

ஒரு மூச்சு.

நாலாவது தட்டு பின்கதவில் கேட்டது. அவள் வீட்டுப் பின்கதவில்.

பின்கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் அவள் வந்து உட்கார்ந்திருந்தாள்.

திரையில் பந்தி இல்லை. 'பின்கட்டு' கதவு நின்றது. சாத்திய கதவு. அடி இடுக்கில் தண்ணீர். விளக்கு இல்லை, நடை இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. பதின்மூன்று வாரம் திறக்கச் சொல்லிக் கத்தினாளே, அது. வேண்டாம் என்றாள். சத்தம் வெளியே வரவில்லை.

திறந்தது.

கதவுக்கு அப்பால் ஒரு கூடம். சாத்திய ஜன்னல்கள். டீவி வெளிச்சம். அதன் முன்னால் தரையில் ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு. அவிழ்ந்த கொண்டை. பச்சைப் புடவை.

வரலட்சுமி தன் புடவையைப் பார்த்தாள்.

பாதத்தில் ஈரம். குனிந்தாள். தரையோடு ஊர்ந்து வந்திருந்தது, கறுப்புத் தண்ணீர். மழை வாசனை. கரி வாசனை.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நுழைந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தோளை நோக்கி மெல்ல நீண்டது.

அவள் திரும்பவில்லை.

தோளில் தட்டியது. ஒன்று.

இரண்டு.

மூன்று.