இன்னும் கொஞ்சம்தான்

பிரசவ அறையில் இருந்தவர்கள் நால்வர்: தலைப்பிள்ளைக்கு வலியெடுத்துத் தன் காலால் நடந்து வந்த மருமகள், அவளுடைய மாமியார், டாக்டரம்மா, நர்ஸ். ஐந்தாவதாக எவரும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கட்டிலில் ஆள் ஏறுவதற்கு முன்பே, வலியைக் கூட்டும் மருந்து பாட்டிலிலிருந்து குழாய் வழியே சொட்டுச்சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின் நுனி தலையணைமேல் கிடக்க, உறை வட்டமாக நனைந்திருந்தது. மருமகளின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஈரம்தான்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தையின் தலை இறங்கியிருந்தது, துடிப்பும் சீராக இருந்தது. பிள்ளையைத் தன் கையில் வாங்கி, நடந்தே வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. கொஞ்சம் உலாவலாமா என்று கேட்டாள்.

"எல்லாம் நார்மல்தாம்மா. இது சும்மா ஒரு துணைக்கு," என்று டாக்டரம்மா ஊசியை ஏற்றினார்.

வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினார்கள். பக்கத்துப் பெட்டி குழந்தையின் துடிப்பை டக்டக்கென்று ஒலித்தது. பெல்ட் இருந்ததால் அவளால் புரள முடியவில்லை, புரளாததால் வலி மந்தமாயிற்று, மந்தமானதால் சொட்டை வேகமாக்கினார்கள், வேகமானதும் ஒரு வலி இறங்குமுன் அடுத்தது அதன் முதுகில் ஏறியது. கையுறையின் ரப்பர் வாடையும் லோஷன் நெடியும் தொண்டையை அடைத்தன. பனிக்குடத்தை உடைத்தார்கள். வேண்டாம் என்றாள். எவர் காதிலும் ஏறவில்லை.

"ஊரைக் கூட்டாத. நம்ம வீட்டுப் பொம்பளைங்க கத்தி யாரும் கேட்டதில்ல," என்றாள் மாமியார்.

கத்தரி. வழியை வெட்டியதும் குழந்தை வந்தது. அழுதது. மாமியார் வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் மருமகள்.

டாக்டரம்மா புதுக் கையுறை மாட்டினார். நர்ஸ் பெல்ட்டை இன்னும் இறுக்கினாள். தொய்ந்த காலி வயிற்றின்மேல், பெட்டி இன்னும் டக்டக். புது பாட்டில். வலி வந்தது.

"குழந்தைதான் பொறந்துடுச்சே, டாக்டர்."

"நல்லாத்தாம்மா போகுது. இன்னும் கொஞ்சம்தான். முக்கு."

மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பிள்ளையோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுபடி கத்தரி.

அவள் பிரசவத்தில் செத்துப்போனதாக ஊர் வாய் மெல்கிறது. பொய். பிள்ளைக்குப் பால்பல் விழத் தொடங்கிவிட்டது; இந்தக் குடும்பத்தில் பிரசவத்தில் எவரும் செத்ததில்லை. சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் இன்னும் முக்கிக்கொண்டிருக்கிறாள்.