மூடிய பிறகும் சுடுவது

"ஆப்பை மூடிட்டா அது நெசமாவே தூங்கிடுமா அத்தே?" என்று பக்கத்து வீட்டுச் சிறுவன் யோயெல் ஒருமுறை கேட்டான்.

"சிலது தூங்குற மாதிரி நடிக்கும்டா. பின்னால முழிச்சிருந்து பேட்டரியைத் தின்னும்," என்றாள் ஆல்தாக்ரேசியா.

"அப்ப என்னை மாதிரி. ராடமெஸ் குடிச்சிட்டு வந்தா நானும் அப்படித்தான்."

சிரித்துக்கொண்டே, சூடேறியிருந்த அவளுடைய டேப்லெட்டுக்கு அட்டைத்துண்டால் விசிறினான். மின்சாரம் போகும் மாலைகளில் அவள் பிள்ளைகளுக்கு எடுக்கும் இணையவழி வகுப்பு நின்றுபோகாமல் இருந்தது அந்த விசிறலால்தான். பதிலுக்கு அவன் ஒன்றும் கேட்டதில்லை.

போன வாரம் பாட்டுப் பதிவு செய்ய டேப்லெட்டை வாங்கிப்போனான். அன்று மாலையே செத்தான். மாடிப்படியில் உருண்டுவிட்டதாகச் சொன்னான் அவனுடைய அம்மாவின் புருஷன் ராடமெஸ். அடக்கம் முடிந்ததும் அவன் அம்மா டேப்லெட்டை ஆல்தாக்ரேசியாவின் கையில் வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனாள்.

இன்று சாந்தோ தொமிங்கோவில் இருட்டும் நேரத்தில் வழக்கம்போல் மின்சாரம் போனது. மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, கடல்காற்றின் உப்பு வாசனைக்கு நடுவே உருகும் பிளாஸ்டிக் நெடி வந்தது. விசைப்பலகையைக் கழற்றி, எல்லா ஆப்களையும் மூடி, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த டேப்லெட், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோல் கொதித்தது. பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது ஒலிப்பதிவு ஆப் ஒன்றுதான். மூடினாள். மீண்டும் திறந்தது. மூடினாள்.

அது பேசத் தொடங்கியது.

பதிவில், மின்சாரம் திரும்பியதும் தெருவே போடும் கூச்சல். "வந்துருச்சு! வந்துருச்சு!" அந்தக் கூச்சலுக்கு அடியில் பெல்ட்டின் வீச்சு. "தூங்குறேன். நான் தூங்குறேன்." யோயெலின் குரல். தரையில் மோதும் தலை. மறுபடியும். மறுபடியும்.

சுவருக்கு அப்பால் நாற்காலி நகர்ந்தது.

கதவு ஒரே உதையில் பெயர்ந்தது. ராடமெஸின் கையில் வெட்டுக்கத்தி.

"அதைக் குடுத்துடு டீச்சர். உன் வீட்டுக்கும் படி இருக்கு."

"இது போலீசுக்குப் போகும்."

கத்தி அவள் தோளில் இறங்கியது. அவள் மார்போடு அணைத்திருந்த டேப்லெட்டை, கத்தியை எறிந்துவிட்டு இரு கைகளாலும் பிடுங்கினான்.

அவனால் அதை விட முடியவில்லை. உதறினான். உள்ளங்கைகள் கண்ணாடியில் ஒட்டிப் புகைந்தன. தோல் சுருண்டது. சூடு மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில். கழுத்தில். வாய் பிளந்து அலறினான்.

விளக்குகள் எரிந்தன.

"வந்துருச்சு! வந்துருச்சு!" தெரு முழுவதும் ஆர்ப்பரித்தது. அவன் அலறலை யாரும் கேட்கவில்லை.

கூச்சல் ஓய்ந்தபோது அவன் அசையவில்லை.

ஆல்தாக்ரேசியா ரத்தம் வழியும் தோளோடு தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பெரிய கைகளின் தோல் திரையில் கையுறைபோல் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒலிப்பதிவின் பச்சைக் கோடு, உறங்கும் சிறுவனின் நெஞ்சுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அட்டைத்துண்டைத் தேடி எடுத்தாள். மெல்ல விசிறத் தொடங்கினாள்.