கம்பியின் மறுமுனை

மணி நாலே முக்காலுக்கு ரேடியோவின் சிக்னல் முள் கடைசிக் கோடு வரை போய் நின்றது. ஆனால் குரல் எதுவும் வரவில்லை.

மதியத்திலிருந்து ஹெட்ஃபோனுக்குள் எண்ணெய்ச் சட்டிபோலப் பொரிந்துகொண்டிருந்த இரைச்சல், யாரோ அடுப்பை அணைத்ததுபோலச் சட்டென்று அடங்கிவிட்டது. இதன் அர்த்தம் ஷண்முகப்ரியாவுக்குத் தெரியும். யாரோ மைக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். முள் அவ்வளவு தூரம் போகவேண்டுமென்றால் அந்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். கிண்டி தேசியப் பூங்காவில் பார்வையாளர்களை விடாத பகுதி அது. ஆள் உயரத்துக்கு உண்ணிப் புதர்கள், மான் புழுக்கையும் ஈர இலையும் கலந்த வாடை, மரங்களுக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம், மதிலுக்கு அப்பால் சர்தார் படேல் சாலையின் ஹாரன்கள், மடக்கு ஸ்டூலில் தட்டை தின்றுகொண்டிருக்கும் புருஷன். வேறு ஒருவரும் இல்லை.

"ஏங்க, இங்க பக்கத்துல வேற யாராவது ரேடியோ வெச்சிருக்காங்களா?"

"மான் வெச்சிருந்தாத்தான் உண்டு," என்றான் நல்லசிவம்.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் திரும்பி வந்தது. அவளும் அதை மறந்துவிட்டாள். அவள் மனதில் அன்றைக்கு ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருந்தது.

பத்து. காடு, சரணாலயம் என்று ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து ஒரே நாளில் தன்னைப்போலப் பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருக்கும் பத்துப் பேரின் நிலையங்களோடு பேசினால்தான் அந்த இடம் கணக்கில் சேரும். ஒன்பது என்றால் போனது வீண். வேடந்தாங்கல் சேர்ந்தது, பழவேற்காடு சேர்ந்தது. அடையாறில் அவள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் இருக்கிற கிண்டி மட்டும் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. முதல் தடவை ஆறு, அடுத்த தடவை எட்டு. ஹாம் ரேடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காஷிஃப், "மேடம், மானெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டு வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகளைப் போட்டிருந்தான். அவளும் பதிலுக்கு ஒரு சிரிக்கும் மூஞ்சி போட்டாள். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த அனுமதிக் கடிதத்துக்கு நாலு மாதம் அலைந்தாள். இன்றைக்கு ஒன்பது வந்தாயிற்று.

நல்லசிவத்துக்கு ரேடியோ லைசென்ஸும் கிடையாது, ஆசையும் கிடையாது. தி. நகரில் பட்டன், லேஸ் கடை அவனுடையது. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பேட்டரியைச் சுமக்க வந்துவிடுவான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் இது எதற்கு என்று அவன் கேட்டதில்லை. அதற்காக அவனை அவளுக்குப் பிடிக்கும். அதே காரணத்துக்காகச் சில நேரம் எரிச்சலும் வரும்.

காவலாளி முருகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மேடம், அஞ்சரைக்கு கேட்டு சாத்திருவோம். இன்னும் இன்னா பேசிக்கினு கீறீங்க? ஃபோன்ல பேசினா ஆவாதா?"

"ஒரே ஒரு ஆள், முருகன். முடிஞ்சுது."

"அஞ்சரைக்கு வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு ஆன்டெனா கம்பி தொய்ந்தது. ரேடியோ வைத்திருந்த மேஜையிலிருந்து இருபது மீட்டர் ஓடி, புதர்களைத் தாண்டி ஒரு நாவல் மரத்தில் கயிற்றால் கட்டியிருந்த கம்பி அது. கயிறு அவிழ்ந்திருக்கவேண்டும். காற்றே இல்லாமல் எப்படி அவிழ்ந்தது என்று அவள் யோசிக்கவில்லை. நல்லசிவம் தட்டைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தான்.

"நான் சொல்ற வரைக்கும் பட்டன்ல கை வைக்காத."

"தெரியும், போங்க."

இது அவர்களுக்குள் பழைய ஏற்பாடு. பேசும்போது கம்பியின் கடைசி முனையில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். கோவளத்தில் ஒருமுறை அவன் அதைப் பிடித்திருந்தது தெரியாமல் அவள் பேசிவிட்டாள். இரண்டு விரல் நுனிகள் வெந்துபோயின. அன்றிலிருந்து, அவன் கையை எடுத்துவிட்டு "விட்டாச்சு" என்று கத்தவேண்டும், அதற்குப் பிறகுதான் அவள் மைக்கைத் தொடவேண்டும்.

அவனுடைய நீலச் சட்டை புதருக்குள் நுழைந்து மறைந்தது. இன்னொரு விமானம் தலைக்கு மேல் உறுமியது. எரிச்சலோடு ஹெட்ஃபோனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

"கிண்டியில் யாராவது இருக்கிறீர்களா?"

ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத குரல். சளி கட்டியதுபோல ஒரு கரகரப்பு. முள் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

புதரைப் பார்த்தாள். அசைவில்லை. விட்டாச்சு சொன்னானா? ஹெட்ஃபோனில் கேட்காமல் போயிருக்கலாம். சொல்லியிருப்பான். ஒரு முடிச்சுப் போட இவ்வளவு நேரமா?

"இருந்தால் பேசுங்கள். நான் நிலையத்தை மூடப்போகிறேன்."

பத்து.

அவள் பட்டனை அழுத்தினாள்.

லைசென்ஸோடு தந்த எழுத்துகளான தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். பாதி சொல்லும்போதே மீட்டரைப் பார்த்துவிட்டாள். சக்தி கம்பியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது, முள் தடுமாறியது. கம்பியில் ஒரு கை இருந்தால் முள் இப்படித்தான் ஆடும். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மீதிப் பாதியைச் சொல்லி முடித்தாள். இரண்டு விநாடிதானே. சுட்டால் கையை எடுத்துக்கொள்வான். வீட்டுக்குப் போய் மருந்து போட்டுவிட்டால் போச்சு.

"சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள்."

சொன்னாள். முள் ஆடியது.

"கடைசி எழுத்து வரவில்லை. மெதுவாக."

மெதுவாகச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக.

"பெயர்?"

"ஷண்முகப்ரியா."

"கூட யார் இருக்கிறார்கள்?"

ஹாம்கள் யார் கேட்டாலும் பதில் சொல்வார்கள். பெயர், ஊர், எந்த மரத்தடி, எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அது இந்தப் பொழுதுபோக்கின் மரியாதை.

"என் கணவர். நல்லசிவம். ஆன்டெனா கட்டப் போயிருக்கார்."

"இப்போது புரிகிறது," என்றது குரல். "நீங்கள் பேசும்போதெல்லாம் ஒருவர் கத்துகிறார். அதனால்தான் கேட்கவில்லை."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

சத்தமே இல்லை. ஹாரன் இல்லை. பூச்சிச் சத்தம் இல்லை. மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. அதன் ஓசை கீழே வரவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். சொடுக்கு கேட்டது.

"ஏங்க!"

"விட்டாச்சு."

அவனேதான். புதருக்குப் பின்னாலிருந்து. அவள் மூச்சு திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உசுரே போச்சுங்க. வந்துருங்க, கிளம்பலாம்."

"விட்டாச்சு."

"கேட்டுச்சு, வாங்க."

"விட்டாச்சு."

அதே இழுப்பு. அதே ஏற்றம். ஓர் இம்மி மாறாமல்.

ரேடியோவை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினாள். உண்ணி முள் கையைக் கீறியது. பாதி தூரத்திலேயே வாடை வந்தது. நகம் கருகும் வாடை. கூடவே, அவளுக்குப் பழக்கமான அவனுடைய தேங்காயெண்ணெய் வாசனை.

நாவல் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். குதிகால்கள் தரையில் இல்லை. இரண்டு கைகளும் தலைக்கு மேலே கம்பியைப் பற்றியிருந்தன. விரலிடுக்கில் மெல்லிய புகை.

அவள் முன்னால் போய் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்து, சத்தம் தீர்ந்துபோன வாய். கண்கள் அவளைப் பார்த்தன. அவனுக்கு உயிர் இருந்தது.

"விட்டாச்சு."

அவன் உதடு அசையவில்லை. குரல் அவள் முதுகுக்குப் பின்னால், மேஜைப் பக்கத்திலிருந்து வந்தது.

ரேடியோ மின்சாரம் ஆளைப் பிடிக்காது. சுடும், அவ்வளவுதான். கையை எடுத்துவிடலாம். அதை அவளே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவன் விரல்களோ கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன. அவன் தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினான். வேண்டாம். தொடாதே.

"மன்னிச்சிருங்க," என்று அழுதாள். "மன்னிச்சிருங்க, என் தப்புதான்." எட்டி அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கம்பியையே அறுத்துவிடலாமென்று இரண்டு கைகளாலும் பற்றினாள்.

மேஜைப் பக்கம் ஒரு சின்ன சத்தம். பட்டன் அழுந்தும் சத்தம்.

அவளுடைய அழைப்புக்குறி. அவளுடைய குரலில்.

சூடு உள்ளங்கைக்குள் இறங்கியது. எலும்புவரை. கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை, தாமாக மடங்கின. குதிகால்கள் எழும்பின. கத்தினாள். அந்தக் கத்தல் அவள் காதுக்கே கேட்கவில்லை.

குரல் நின்றது. சூடும் நின்றது. விரல்கள் மட்டும் திறக்கவில்லை.

இலைகளின் இடைவெளியில் மேஜை தெரிந்தது. அவளுடைய மடக்கு நாற்காலியில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அவள் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. அதே பின்னல். அதன் பக்கத்தில் சைக்கிளோடு முருகன்.

முருகன். இங்கே பார், முருகன்.

"அஞ்சரை ஆயிடுச்சு மேடம். சார் எங்க?"

"கயிறு அவுக்கப் போயிருக்காரு," என்றது அவளுடைய குரல். "ஒரு அஞ்சு நிமிஷம், முருகன். இப்பதான் நல்லா கேக்குது."

முருகன் புதர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தான். நேராக அவள் கண்ணைப் பார்த்ததுபோல இருந்தது. வாயைப் பிளந்து, நெஞ்சில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் திரட்டி அவனைக் கூப்பிட்டாள். அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "சரி, சீக்கிரம் வாங்க," என்று சைக்கிளைத் திருப்பினான்.

டயர்களுக்கடியில் சருகு நசுங்கும் சத்தம் வாசல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. நல்லசிவத்தின் தோள் அவள் தோளில் உரசியது, அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். நாற்காலியில் இருந்தது, பேசியவர்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் புதுப்பக்கம் புரட்டி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மைக்கை எடுத்தது.