துடைத்தும் போகாத வரி

பக்கம் அழிந்த பிறகும் ஒரு வரி மிச்சமிருந்தது. மருந்து வாடை இன்னும் விடாத அந்த அறையில், சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியே வடிந்துகொண்டிருக்க, இறந்துபோன மனைவியின் கட்டிலில் உட்கார்ந்து, பிழை திருத்துபவர் அவளுடைய, காகிதம்போல் ஒளிராத திரையுள்ள இ-இங்க் டேப்லெட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சாம்பல் திரையில், அதைவிடச் சற்றே அழுத்தமான சாம்பலில், அவள் கையெழுத்து.

பழைய எழுத்தின் சாயல் தங்குவது இந்த வகைத் திரைக்கே உள்ள கோளாறுதான். வாங்கிய அன்றே மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "சாதா டேப்லெட்னா வெளிச்சம் இருக்கும், கலர் இருக்கும், அக்கா தொட்டா மணி அடிக்கும். இது பக்கம் திருப்புறதுக்குள்ள விடிஞ்சிடும் அத்தான்!"

"கண்ணு வலிக்காதுப்பா" என்றார் இவர்.

தொண்டையில் அறுவை செய்த பின் அவளுக்குக் குரல் இல்லை. எழுதித்தான் பேசினாள். எழுதியது அணையாமல் அப்படியே நிற்கும் என்ற தைரியத்தில் இவருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. "எழுதி வைம்மா, அப்புறம் பாக்கறேன்" என்று பக்கத்து அறையிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். கடைசி நாளும் அப்படித்தான். வந்தபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. மடியில் டேப்லெட். இருட்டில் திரை தெரியவில்லை. பதறியவரின் கை பட்டு, வாசிக்காமலே பக்கம் அழிந்துபோனது. பாவி, பாவி என்று அன்றிலிருந்து தன்னையே திட்டிக்கொள்கிறார். கடைசியாக என்ன கேட்டாள்? அது தெரியாமல் அவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்த வரி அழுத்தமாகிக்கொண்டே வந்தது.

‘ஏங்க, மூச்சு முட்டுது. வாங்க.’

வாய்விட்டு அழுதார். "பாத்துட்டேன்மா. இப்பதான் பாத்தேன். மன்னிச்சுடு."

கீழே இன்னொரு வரி எழுந்தது. மெதுவாக. ஒரு கோடு. ஒரு சுழி.

‘இன்னும் முட்டுது.’

பொத்தானை அழுத்தி அணைத்தார். ஓரத்தில் எரிந்த பச்சைப் புள்ளி செத்தது. அணைத்தாலும் ஏற்கெனவே இருக்கிற எழுத்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். புது எழுத்து வராது.

வந்தது.

‘எங்க இருக்கீங்க?’

"இங்கதான்டி இருக்கேன்!"

‘யாருமே வரல.’

வரி மேல் வரி. இடம் தீர்ந்து எழுத்தின் மேலேயே எழுத்து. திரை முழுக்கக் கறுத்தது. எழுதும் உரசல் சத்தம் நிற்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பின் மேல், முதல் கோடு விழுந்தது.