காலிக் கருவியில் ஒரு மூச்சு

கருவிக்குள் இன்னும் எதையும் வைக்கவில்லை. ஆனாலும் யாரோ மூச்சு விட்ட தடம் திரையில் இருந்தது.

வெங்கடேஷ் உச்சுக்கொட்டினான். அகச்சிவப்புக் கதிர் எந்தப் பொருளுக்குள் புகுந்தாலும் அதற்கே உரிய மேடுபள்ளத்தைத் திரையில் வரைந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு விட்டால் போதும், கரியமில வாயுவின் மேடு முந்திக்கொண்டு முளைக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பின் அந்தச் சிறிய தனியார் ஆய்வகத்தில் தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்பது ஆய்வாளன் வெங்கடேஷின் முடிவு.

“மூச்சை மெஷின் மேலதான் விடணுமா? தள்ளி நில்லு.”

“நான் கதவாண்டதானே சார் நின்னுகினு இருக்கேன்,” என்றாள் கான்ட்ராக்ட் உதவியாளர் அன்புக்கரசி. மேசையில் அவன் வெட்டிப் பிரித்திருந்த பொட்டலத்தைக் கண்டதும் அவள் குரல் தாழ்ந்தது. “அது எங்க ஊர்க் கெணத்துச் சேறுங்க. எங்க அண்ணனும், அவனைக் காப்பாத்த எறங்குனவரும் மூச்சுமுட்டிச் செத்த கெணறு. மூடுன ரூம்ல வேணாம் சார்.”

“குடிச்சிட்டு விழுந்திருப்பானுங்க. அதுக்கு டெஸ்ட் ஒண்ணுதான் கேடு! வெளிய போ.”

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஈரம் பட்டால் கருவி பாழாகிவிடும் என்பதால் அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. கதவைச் சாத்தி அவனே தாழ்ப்பாள் போட்டான்.

காலிக் கருவியை மறுபடி ஓடவிட்டான். சாலையில் ஷிப்ட் பஸ்களின் இரைச்சல் தேய்ந்து, ஏசியின் முனகல் மட்டும் மிஞ்சியபோது, அந்த முனகலுக்கு அடியில் யாரோ மெல்ல மூச்சை இழுத்து விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கூடவே பாசியும் அழுகிய இலையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. மேடு எழுந்தது. தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டான். மேடு தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. அதன் பின்னாலேயே, சற்றுத் தாமதமாக, இன்னொன்று.

படிக்காத சனத்தின் பேச்சைக் கேட்டுத் தானும் பயப்படுவதா? சீ! அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டுக் கருவியைப் பார்த்துப் பலமாக ஊதினான்.

காற்று வரவில்லை.

இழுத்தான். உள்ளேயும் போகவில்லை. திரையில் மட்டும் மேடுகள் எழுந்து தாழ்ந்தன. கதவுக்குத் தடுமாறி ஓடினான். தாழ்ப்பாள். வேர்வையில் விரல் வழுக்கியது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது.

கதவின் சிறிய கண்ணாடிக்கு அப்பால் அன்புக்கரசி. “என்னாச்சு சார்?”

கத்தினான். வாய் திறந்தது. குரல் இல்லை. கண்ணாடியில் வாயை வைத்து அழுத்தினான். கண்ணாடி மங்கவே இல்லை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

“அண்ணா...”

அவன் வாய்க்கு இருபுறமும், கண்ணாடியின் உட்பக்கத்தில், இரண்டு ஆவி வட்டங்கள் நிதானமாகப் படர்ந்தன. சுருங்கின. மறுபடி படர்ந்தன.