வற்றும் நேரம்

இரண்டாவது மாடி ஹாலில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், நான்கு சுவரையும் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வந்திருந்தது. ஸ்ரீரங்கன் குனிந்து தேய்த்தார். பொடியாக உதிர்ந்தது. ஏரியை மேடாக்கிக் கோவிலம்பாக்கத்தில் ஃப்ளாட் விற்றவன் சிமெண்டில் எதைத்தான் கலக்க மாட்டான் என்று மூக்கால் சிரித்தார்.

கீழ் வீட்டு ஞானசௌந்தரி ஏறி வந்தாள். "சார், உங்க வூட்லேர்ந்து எங்க சீலிங்ல தண்ணி இறங்குது. நாக்குல வெச்சுப் பார்த்தேன், உப்பா கீது."

"சீலிங்கை நக்கறதை விட்டுட்டு பில்டருக்கு போன் பண்ணும்மா."

"தெனம் வருது சார். நேத்து நாலு மணிக்கு. இன்னிக்கு நாலு அம்பதுக்கு."

கதவைச் சாத்திய பிறகுதான் அது உறைத்தது. ஐம்பது நிமிடம். நிலா தினமும் அவ்வளவு பிந்தும், அதன் பின்னாலேயே கடலும். முப்பது வருடம் பிசிக்ஸ் எடுத்தவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டாம்.

ஷோகேஸுக்கு மேல் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை முள். பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு சுற்று. முள் உச்சிக்கு வந்தால் கடல் ஏற்றம், அடிக்கு வந்தால் வற்றம். மகன் அனிருத் சியாட்டிலிலிருந்து அனுப்பியது. கூட வந்த தாளை அவர் மனைவி ரமாதான் படித்தாள். "அமாவாசை, பௌர்ணமிலதான் முள்ளை வெக்கணுமாம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டுல இழுக்கற நாள். இன்னிக்கு அஷ்டமி, ரெண்டும் குறுக்கே இழுக்கும். தப்பாக் காட்டுமாம்."

கடிகாரத்துக்கும் பஞ்சாங்கம் பார்க்கிற ஜென்மம் என்று சொல்லி, அன்றே வைத்தார்.

போன மாதம் ஆடி அமாவாசை. காலை ஏழேகால். கோவளத்துக்கு இந்தப் பக்கம் முகத்துவாரத்தைக் கடந்து, அக்கரை மணல்திட்டில் ஸ்நானம் செய்ய வேண்டும் என்றாள் ரமா. வலை உதறிக்கொண்டிருந்த ஜெபராஜ் நிமிர்ந்தார். "ஏறுற தண்ணி சார். அக்காவ வாணாம்னு சொல்லு."

"ஏழு மணியோட உச்சம் முடிஞ்சாச்சு. கடிகாரம் பார்த்துட்டுதான்யா வரேன்." ரமா பக்கம் திரும்பினார். "வத்தற நேரம்தான். இறங்கு."

போகும்போது முழங்கால். திரும்பும்போது மார்பு. பிறகு கை மட்டும்.

அன்று சாயங்காலம், துக்கத்துக்கு வந்தவர்கள் ஹாலில் இருக்கும்போதே, முள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளினார். அனிருத் வந்து பார்த்தபோது கடிகாரம் சரியாக இருந்தது.

"அம்மா இதைப் பார்க்கலியாப்பா?"

"உங்கம்மா எதைப் பார்த்தா."

திரயோதசியன்று கோடு முழங்காலுக்கு ஏறியது. விடியலில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், தண்ணீர் ஓசையில்லாமல் வந்து, ஈர வலையும் நண்டு ஓடும் நாறுகிற வாடையை மெத்தைக்கடியில் விட்டுவிட்டு வடிந்தது. கதவிடுக்கில் துண்டுகளைத் திணித்தார். சதுர்த்தசி. இடுப்பு. மகனுக்கு போன் செய்தார்.

"அந்தக் கடிகாரம்டா..."

"சொல்லுங்கோப்பா."

தொண்டை வரைக்கும் வந்தது. "உங்கம்மா கொஞ்சம் பார்த்திருக்கலாம்."

"அதான் சொன்னேளே."

அமாவாசை. காலை எட்டு மணி. கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. ஸ்ரீரங்கன் சாப்பாட்டு மேஜைமேல் நின்றார், கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி. முள் உச்சியில். இனி வடியும். வடிந்தே ஆக வேண்டும்.

எட்டரை. முள் அசையவில்லை.

தண்ணீர் மேஜையைத் தொட்டது. பாதம். கணுக்கால்.

தெருச் சத்தம் நின்றது.

படுக்கையறைக்குள் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு.

"ஏன்னா."

கதவு திறந்தது. உள்ளே கூரைவரைக்கும் தண்ணீர். சரியவில்லை. வாசலில் சுவராக நின்றது.

"வத்தற நேரம்தான். இறங்குங்கோ."

தண்ணீரிலிருந்து கை மட்டும் வெளியே நீண்டிருந்தது, வளையல்களோடு, உள்ளங்கை மேலே பார்க்க.